மூன்று இங்கிலாந்து நாவல்கள்

"உன் புத்தகம் மூணையும் படிச்சு முடிச்சுட்டேன்" என்று மஞ்சப்பையை வராந்தா பெஞ்சில் வைத்தான் கலைச்செல்வன்.

மேகலாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நிஜமாவா? மூணுமா?"

"நிஜமாத்தான். மூணும் இங்கிலாந்துலதான் நடக்குது. மூணுலயும் மழை. ஒருத்தன் குடையை விரிக்கவே ரெண்டு பக்கம் ஆகுது."

அவள் சிரித்துவிட்டாள். "அரியலூர் சிமெண்ட் லாரிப் புழுதியில உக்காந்து படிச்சுப் பாருங்க. அந்த மழை எவ்வளவு சுகம்னு தெரியும்."

சிரிப்புச் சத்தம் கேட்டு, வேப்பமரத்தடியில் நின்ற அவள் அண்ணன் ராஜராஜன் முறைத்தான். பெரம்பலூரிலிருந்து வந்த காருக்குள் கலைச்செல்வனின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரெண்டு வீட்டாரும் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"அந்தத் தீவுல நடக்கிற கொலைக் கதை?" என்றாள் மேகலா.

"சுமார். பாதிரியார்தான் கொலைகாரன்னு பாதியிலேயே தெரிஞ்சிடுது. லண்டன் மளிகைக்கடைக் கதை பரவால்ல. அந்தாளு கறிவேப்பிலைக்கு அலையிற இடம் நல்லாருந்துச்சு. ஆனா மூணாவதுதான்..."

"மார்கரெட் கதையா?"

"ம். அவ ஏன் வூட்ட விட்டுப் போறான்னு எனக்கு மொதல்ல புரியல. புருஷன் குடிக்கல, அடிக்கல. இதுக்கெல்லாமா போவாங்கன்னு கோவம்தான் வந்துச்சு. திரும்பவும் படிச்சேன். அவ ஏதாவது சொல்ல வர்றப்பல்லாம் அவன் பேப்பரை விட்டுத் தலையையே தூக்கல. அவ்வளவுதான் விஷயம்."

மேகலா அவன் முகத்தையே பார்த்தாள்.

"முடிவு எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றான். "ஸ்டேஷன் வரைக்கும் போனவ திரும்பி வந்துடுறா."

"எனக்கு அதுதான் பிடிக்கல. எழுதினவங்களுக்குத் தைரியம் பத்தல. மார்கரெட் ரயில் ஏறியிருப்பா."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

அதற்குள் உள்ளேயிருந்து அவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து போனார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்மணி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இருவரையும் பார்த்தார்.

"யோசிச்சு எடுத்த முடிவுதானே? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"இல்லைங்க."

"ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

"சம்மதம்ங்க" என்றாள் மேகலா. குரல் தடுமாறவில்லை.

கலைச்செல்வன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு, "சம்மதம்" என்றான்.

நீதிபதி கையெழுத்துப் போட்டார். கல்யாணமான ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிய புருஷனும் பெண்டாட்டியும், விவாகரத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள்.