எத்தனை இறுக்கம்

இடுப்புக்குக் கீழே அவள் இல்லை.

முதுகில் ஓர் ஊசி. பத்து நிமிடத்தில் இரண்டு கால்களும் வேறு யாருடையவோ ஆகிவிட்டன. வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி ஒன்று திரையாகத் தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம், அவளுடைய இடது இடுப்பைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குளிராக இருந்தது.

"தூங்கறதுக்கு மருந்து தரட்டுமா, மயிலாத்தாம்மா?" தலைமாட்டில் இருந்த மயக்க மருந்து டாக்டர் குனிந்து கேட்டார்.

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

தன் உடம்புக்குள் ஒரு பொருளைப் பொருத்துகிறார்கள். அந்த நேரத்தில் தான் கூட இருக்க வேண்டாமா?

இரண்டு வருடமாக வலி. இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசியது. கடைசி ஆறு மாதம் கட்டிலை விட்டு எழவே கணவர் ரங்கசாமி தோள் கொடுக்க வேண்டியிருந்தது. அவளுக்குக் கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் வேலை. நாளெல்லாம் நின்றபடி செய்கிற வேலை. மூன்று மாதம் அவளுடைய இடத்தில் வேறு ஆள் போடுவதில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் சொல்லவில்லை.

நேற்று டாக்டர் நவநீதன் பிளாஸ்டிக் எலும்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"தொடை எலும்புக்குள்ள ஒரு தண்டு இறக்குவோம். அது மேல பந்து. பந்து இந்தக் கிண்ணத்துல உட்காரும். ஒட்டறதுக்குச் சிமெண்ட் எல்லாம் போடப் போறதில்ல. தண்டு இறுக்கமா உட்கார்ந்தா எலும்பே வளர்ந்து பிடிச்சுக்கும்."

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தன இறுக்கமுங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். "சரியான இறுக்கம்மா."

அவள் சிரிக்கவில்லை. மோட்டாருக்குள் தளர்வாக இறங்கிய பேரிங் ஒரே மாதத்தில் முனக ஆரம்பிக்கும். சுத்தியல் அடி ஒன்று கூடிப்போனால் இரும்பிலேயே விரிசல் விழும்.

இது எலும்பு.

டொக்.

மேசையோடு சேர்ந்து உடம்பு அசைந்தது. வலி இல்லை. சுத்தியல் என்று புரிந்தது.

டொக். டொக்.

மந்தமான சத்தம். உள்ளே இன்னும் இடமிருக்கிறது.

கண்களை மூடிக்கொண்டாள்.

டக்.

ஏறுகிறது.

டக். டக்.

வரட்டும். இன்னும் கொஞ்சம். கோணாமல் வரட்டும்.

டண்.

மூச்சைப் பிடித்தாள்.

டண்.

அதே சத்தம். இம்மியும் மாறவில்லை. இனி இறங்க இடமில்லை.

"போதுமுங்க. உக்காந்திருச்சு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சுத்தியலைத் தட்டில் வைத்த ஓசையும் அதே நொடியில் கேட்டது.

இதயத்துடிப்பு காட்டும் கருவி ஒலித்துக்கொண்டிருந்தது.

திரைக்கு மேலே டாக்டரின் மூக்குக் கண்ணாடி எழும்பியது.

"நானும் அந்தச் சத்தத்துக்குத்தாம்மா காத்திட்டிருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இருபத்தெட்டு வருசமா பேரிங் எறக்கறனுங்க."

முகமூடிகளுக்குள்ளே சிரிப்பு பரவியது. யாரோ இருமிச் சமாளித்தார்கள்.

அதன்பிறகு டாக்டர் ஒவ்வொன்றையும் திரைக்கு மேலாக அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார். பந்து மாட்டியாச்சும்மா. மடக்கிப் பார்த்தேன், நழுவல. ரெண்டு காலும் ஒரே நீளம். இனி தையல்தான்.

"செரிங்க," "செரிங்க" என்றாள் ஒவ்வொன்றுக்கும்.

தையல் போடும்போது, மருந்தே இல்லாமல், குறட்டை விட்டுத் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை வாக்கரைக் கொடுத்தார்கள்.

நர்ஸ் ஒரு கை தூரத்தில் கூடவே வந்தார். "பாத்ரூம் கதவு வரைக்கும் போனாப் போதும். இன்னிக்கு அவ்வளவுதான்."

இடது காலை ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கமான அந்தக் குத்தலுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

தையல் வலித்தது. அது வேறு வலி. ஆறப்போகிற வலி.

கதவு வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்திலா இருந்தது?

பாத்ரூமுக்குப் பக்கத்திலேயே அறையின் வாசல்; வெளியே வராந்தா நீளமாகக் கிடந்தது. அதன் மறுகோடியில் ரங்கசாமி வந்துகொண்டிருந்தார். கேன்டீனிலிருந்து இரண்டு காகிதக் கோப்பைகளில் டீ. நின்றுகொண்டிருப்பவள் யார் என்று தெரிந்ததும் பதறி வேகமெடுத்தார். டீ கையில் சிந்தியது.

அவள் வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்தினாள்.

அங்கேயே நில்லுங்கள்.

நின்றார்.

அவள் வராந்தாப் பக்கம் திரும்பினாள். "அம்மா, அம்மா" என்றபடி நர்ஸ் பின்னாலேயே வந்தார். வாக்கர். இடது கால். வலது கால். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். ரங்கசாமியின் ஒரு தோள் அவரை அறியாமல் தாழ்ந்து, அவள் கைக்கு வாகாகக் காத்திருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

வந்து சேர்ந்தாள்.

அவர் தோளை நிமிர்த்திக்கொண்டார். கோப்பைகளைப் பார்த்தார்.

"ஆறிப்போச்சு. வேற வாங்கியாரட்டுமா?"

அவருக்குப் பின்னால் லிஃப்ட் இருந்தது. கேன்டீன் கீழ்த்தளத்தில்.

"நடங்க. நானும் வாரேன்."

நர்ஸ் குரலை உயர்த்தினார்.

ரங்கசாமி நர்ஸைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு, முழங்கையால் லிஃப்ட் பொத்தானை அமுக்கினார்.