எரிகோ, ஏழாவது சுற்று

மெத்தையைத் தூக்கிச் சுவரோடு சாய்த்தான். மின்விசிறியை நிறுத்தினான். அடுக்களைக்குப் போய் ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு வந்தான்.

படுக்கையறை இப்போது ஸ்டூடியோ.

வெளியே தூத்துக்குடியின் மதிய வெயில். மீன்காரர் போய்விட்டார். காக்கைகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

அவன் மனைவி எமீமா குக்கரைப் பாதி வேக்காட்டில் இறக்கி வைத்துவிட்டுக் கதவருகே உட்கார்ந்திருந்தாள். பைபிளின் யோசுவா எரிகோ நகரத்தைப் பிடிக்கும்வரை இந்த வீட்டில் சோறு கிடையாது.

இன்று கடைசிப் பகுதி. ஏழாம் நாள், ஏழாவது சுற்று. மதில் விழ வேண்டும்.

'எரிகோ' முழுவதும் அவனுடையது. முக்கால் மணி நேர ராக்: யோசுவாவின் ஜனங்கள் ஏழு நாள் நகரத்தைச் சுற்றிவந்து, எக்காளம் ஊதி, ஆர்ப்பரித்தே மதிலை விழவைத்த கதை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, இந்த அறையில் தனி ஆளாகக் கட்டியது. டிரம்ஸ் அவன் கணினியில் அடித்தது. பேஸ் கிட்டார் அவன். ஆசாரியர்களின் எக்காளங்களும் அவன் கிட்டார்தான். ஆர்ப்பரிக்கிற இஸ்ரவேல் ஜனங்கள்கூட அவன்தான். தன் குரலையே தொண்டை கட்டும்வரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தான்.

இதில் இன்னொருத்தன் மூச்சுகூடக் கிடையாது. அதைச் சொல்லும்போதே அவனுக்கு நெஞ்சு நிமிரும்.

நிமிரட்டுமே. எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்?

மெத்தை மறைத்த சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன்.

எபனேசர் அண்ணன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அங்கே ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஆர்கனில் இரண்டு கார்டு, சேர்ந்தொலிக்கும் இரண்டு சுரக்கூட்டு, விழும். சபை நின்றபடியே அதோடு சேர்ந்து 'ஆமென்' பாடும். அப்புறம்தான் உட்காரும்.

பாட்டு பிடிக்காவிட்டால் அண்ணன் கைகளைக் கட்டிக்கொள்வார். ஆமென் கிடையாது. பிஷப் வந்திருந்த அன்றைக்கே ஒருமுறை கட்டியிருக்கிறார்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு வாலிபர் ஞாயிறன்று, எரிகோவின் முதல் பகுதியை அவன் அந்தச் சபையில் வாசித்தான்.

சபை நின்று கேட்டது. அவன் முடித்தான். சபை இன்னும் நின்றது.

அண்ணன் கைகளைக் கட்டியிருந்தார்.

ஒருவர் பின் ஒருவராக, எதுவும் பாடாமலே உட்கார்ந்தார்கள். பெஞ்சுகள் முனகிய சத்தம் அவன் காதில் இன்னும் இருக்கிறது. வாசலில் வைத்து அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஏல, இது கோயில். ஹார்பர் இல்ல."

அதன்பின் பேச்சில்லை.

அடுத்த வருஷம் அப்பாவின் வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். நடுவில் அவசரத்துக்கு எழுப்பிய ஒற்றைக்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். இங்கே கிட்டார் சத்தம் கூடினால் அங்கிருந்து சுவரில் தட்டு வரும். எத்தனையோ பதிவுகள் அந்தத் தட்டில் பாழாயின.

இன்று காலை எமீமா அண்ணன் மனைவியான அக்காவிடம் போய், மத்தியானம் ஒரு அரை மணி நேரம் மட்டும் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டு வந்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பதிவை ஓடவிட்டான்.

கிட்டாரின் மரத்தில் விரல் முட்டியால் நான்கு தட்டு. எதையும் அவன் அப்படித்தான் தொடங்குவான்.

வாசித்தான்.

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எக்காளம் ஏறியது. ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். மதில் கல் கல்லாகச் சரிந்தது. இவ்வளவு நன்றாக அவன் ஒருநாளும் வாசித்ததில்லை. வாசிக்கும்போதே அது அவனுக்குத் தெரிந்தது.

தட்டு வரவில்லை.

கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கடைசிக் கார்டு. இதற்கு மேல் என்ன என்பது மட்டும் அவனுக்கு இதுவரை பிடிபடவில்லை. மதில் விழுந்த பிறகு பாட்டு எங்கே போய் உட்காரும்? எத்தனையோ முடிவுகள் போட்டுப் பார்த்தான். எதுவும் பொருந்தவில்லை. அந்தக் கார்டை அப்படியே அந்தரத்தில் விட்டிருந்தான். யாராவது கேட்டால், வேண்டுமென்றே அப்படிச் செய்தேன் என்று சொல்வதாக உத்தேசம்.

கார்டு மெல்ல அடங்கியது. அவன் மூச்சுவிடவில்லை. எமீமாவும் விடவில்லை.

முழுதாக அடங்குவதற்குள், ஹெட்போனில் அது வந்தது.

ஆர்மோனியம்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மெத்தையைத் தாண்டி, திறந்திருந்த மைக் வழியாக.

இரண்டு கார்டு.

அவசரமே இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையில் விழுவதுபோல.

அந்தரத்தில் நின்ற பாட்டு வந்து தரையில் உட்கார்ந்தது.

அவன் கிட்டாரை வழக்கத்தைவிட அரைக்கட்டை சுருதி இறக்கிக் கட்டியிருந்தான். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அண்ணனின் இரண்டு கார்டும் சரியாக அந்தச் சுருதியில் இருந்தன. இத்தனை வருஷமும் அந்தப் பக்கத்தில் இருந்தவர் சுவரைத் தட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை.

எமீமா எழுந்து நின்றாள்.

"பெரிய அத்தான் ஆமென் போட்டுட்டாவ."

அவனுக்குப் பெருமை தாங்க முடியவில்லை. அதில் தன் பங்கு எவ்வளவு, அண்ணன் பங்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

மெத்தையைச் சுவரிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டான். மைக்கைத் தூக்கி, வெறும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். பதிவை மறுபடி ஓடவிட்டான்.

விரல்களை மடக்கினான்.

சுவரில், நிதானமாக, நான்கு தட்டு தட்டினான்.