மூன்று பேர் பாரம்

அலாஸ்காவில் மிதவை விமானம் ஓட்டும் டுவைட், ஆளையும் மூட்டையையும் எடை போடாமல் ஏற்றியதே இல்லை. மீன் பிடிக்கப் போய், அன்று சால்மன் ஆற்றிலிருந்து திரும்ப வேண்டியவர்கள் மூன்று பேர். மீன் ஒன்றுகூட அகப்படவில்லை. இருந்தும் மிதவைகள் நீரில் ஆழ அமிழ்ந்து கிடந்தன.

கூடாரங்களைக் கரையில் இறக்கிப் பார்த்தான். விமானம் நீரில் சற்றும் உயரவில்லை. மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

"என் தொப்பைதான் காரணம் போல," என்று சிரித்தார் மூவரில் ஒருவரான ரஸ். "நான் வேணா இறங்கிக்கிறேன்ப்பா. அடுத்த நடைல வந்து கூட்டிட்டுப் போ."

போன வருஷம் இதே கரையில் ஹார்லன் என்ற பயணியும் அப்படித்தான் சொன்னார். பாரம் அதிகமென்று டுவைட் அவரை விட்டுவிட்டுப் போனான். மூடுபனி நான்கு நாள் விலகவில்லை. ஆறு பெருகிவிட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

"யாரும் இறங்க வேணாம்," என்றான் டுவைட். "எல்லாரும் பெல்ட்டப் போடுங்க."

விமானம் ஆற்று வளைவுவரை ஓடி, மரங்களை உரசாத குறையாக எழும்பியது.

ஊர் ஏரியில் மூவரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் விமானம் சற்றே உயர்ந்தது.

"நீ வரலியா?" என்றார் ரஸ்.

"நீங்க போங்க."

அவன் பின்னால் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்துப் பின்னிருக்கையில் பெல்ட் ஒன்று கழன்றது. விமானம் நான்காம் முறை உயர்ந்தது.