கேள்வி நேரம்

மைக் அவள் கைக்கு வந்தபோது மணி ஒன்றேகால்.

பாதிப் பேர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டிருந்தார்கள். எல்லார் வீட்டிலும் சோறு ஆகியிருக்கும்.

அவள் வீட்டில் ஆகியிருக்காது.

ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். எட்டு மாதம் முடிந்திருந்தது.

மேடையில் பேராசிரியர் தண்ணீர் குடித்தார். இரண்டு மணி நேரம் பேசிய களைப்பு. 'கடவுள் இல்லாத சமூகத்தில் கருணை' என்பது தலைப்பு. நன்றாகத்தான் பேசினார். கருணை காட்டக் கடவுள் தேவையில்லை என்பதைப் பதினோரு விதமாக நிறுவினார்.

அதில் ஒன்றில்கூட அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

"தோழர் ஜெபராணி, சுருக்கமா கேளுங்க" என்றார் செயலாளர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் சேர்ந்த புதிதில், பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லி மூன்று பெயர்கள் எழுதிக் கொடுத்தவர். அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

மதத்தை விட்டு வந்தவர்களுக்கு ஒருவருக்கொருவர் துணை. அமைப்பின் துண்டறிக்கையில் முதல் வரி அது. அவளை இந்த மாடிக்கு ஏற்றியதும் அந்த வரிதான்.

நிகழ்ச்சி நிரலில் 'உறுப்பினர் நலம்' எப்போதும் ஐந்தாவதாக இருக்கும். கூட்டம் நான்காவதைத் தாண்டியதில்லை. கொடியின் நிறத்துக்கே மூன்று கூட்டங்கள் போயின.

ஊரில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது சபைப் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். நாற்பது நாள். பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, சுடச்சுட ரசம். யாரும் தீர்மானம் போடவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஜெபத்தில்தான் அவளால் கண்ணை மூட முடியாமல் போனது.

சோற்றின்மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை.

போன வாரம் அம்மா போனில் கேட்டாள். "பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுப்பியா, சொல்லு. நாளைக்கே ரயில் ஏறுதேன்."

மாமியாருக்குப் பிள்ளையின் முதல் மொட்டை குலதெய்வக் கோயிலில் நடக்கவேண்டும். அதற்குச் சம்மதித்தால் வருவாள்.

கணவன் லாரி ஓட்டுகிறவன். பிரசவத்துக்கு நிற்பான். நாலு நாள் நிற்பான். அதற்குமேல் வண்டி நிற்காது.

மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"பதினெட்டாந் தேதி எனக்கு ஆபரேஷன். வயித்தக் கீறித்தான் பிள்ளைய எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் உங்கள்ல யாரு எனக்குச் சோறு கொண்டுவருவீங்க?"

யாரோ சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று தெரிந்ததும் அதை இருமலாக்கினார்.

"மிக அடிப்படையான கேள்வி" என்றார் பேராசிரியர். நார்வேயைப் பற்றிச் சொன்னார். பேறுகாலத்தில் ஒரு பெண்ணை அரசு எப்படித் தாங்கவேண்டும் என்று சொன்னார். ஐந்து நிமிடம்.

நார்வேயிலிருந்து யாரும் வருவதாகத் தெரியவில்லை.

செயலாளர் குறித்துக்கொண்டார். "அடுத்த கூட்டத்துல ஒரு துணைக்குழு அமைச்சிரலாம் தோழர்."

"அடுத்த கூட்டம் எப்ப?"

"வர்ற மாசம் முதல் ஞாயிறு."

"அதுக்கு முன்னாடியே பிள்ள வந்துரும்."

மைக்கை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். நன்றியுரை ஆரம்பித்தது. நன்றி சொல்லவேண்டியவர்களின் பட்டியல் நீளமாக இருந்தது.

அவள் வெளியே வந்துவிட்டாள்.

படியருகே செருப்புக் குவியலைக் காலால் துழாவினாள். குனிய முடியாது. இரண்டு வருடம் இந்தக் கூடத்தைப் பெருக்கியிருக்கிறாள். துண்டறிக்கை மடித்திருக்கிறாள். போன மாதம் வரைக்கும் நாற்காலி தூக்கிப் போட்டிருக்கிறாள். பிள்ளையோடு தூக்காதே என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை.

ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்.

அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி போனது.

"அம்மிணி."

கடைசி வரிசைக்காரர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, கதவோரம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிறவர். செங்கோடன் என்ற பெயருக்குமேல் அவரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குமேல் யாரும் கேட்டதுமில்லை.

"பூண்டு போடலாமுன்னு தெரியும். காரத்த எத்தன நாள் தள்ளோணும்னுதான் தெரியல. ஆகாதது என்னென்னன்னு டாக்டரக் கேட்டு எழுதிக் குடுத்துருங்க."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அம்மா "அலோ, அலோ" என்றாள். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தாள்.

அவர் எதையோ சொல்லத் தயங்குகிறவர்போல் நின்றார்.

"ஒண்ணுதான் சிக்கல். நான் முப்பது வருசம் காலேஜ் ஹாஸ்டல்ல ஆக்குனவன். ஒத்த ஆளுக்கு ஆக்க எனக்கு அளவு வராது. எத்தன கொறச்சாலும் இருவது பேத்துக்கு வந்துரும். மிச்சத்த என்ன பண்றது?"

கூடத்துக்குள் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். யார் நடுவில் நிற்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.

அவள் கதவில் கையூன்றி எட்டிப் பார்த்தாள்.

செயலாளரிலிருந்து தலைகளை எண்ணத் தொடங்கினாள்.