மதிவதனியின் பங்குகள்

ஒவ்வொரு மனிதரும் பங்குச் சந்தையில் விலைபோகத் தொடங்கி வருடங்கள் ஆகியும், கோவையில் மிக்சி பழுதுபார்க்கும் வேலாயுதத்தின் பங்கு பதினோரு ரூபாயைத் தாண்டவில்லை. மகள் மதிவதனியின் பங்கோ ஒன்பதாயிரம். பிளாஸ்டிக்கை உரமாக்கும் கருவியை அவள் செய்துவிடுவாள் என்று ஊரே நம்பியது. பெற்ற அப்பனாலேயே அவளில் ஒரு பங்கு வாங்க முடியவில்லை.

மகளின் பங்குதாரர் ஆண்டுக் கூட்டத்துக்கு வீட்டுக்கு வந்த முதலீட்டாளர்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள்.

"கருவி எப்ப வருது அம்மணி?" என்றார் ஒரு பெரியவர்.

'சீக்கிரம் என்று சொல்' என வேலாயுதம் கதவோரம் நின்று ஜாடை காட்டினார்.

"வராதுங்க. மூணு வருசமாப் பாத்துட்டேன், என் யோசனையே தப்பு," என்றாள் மதிவதனி.

பஜ்ஜி ஆறுவதற்குள் விலை நாற்பதுக்கு இறங்கியது. எல்லோரும் விற்றுவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். வேலாயுதம் கைபேசியை எடுத்து, சேமிப்பு மொத்தத்துக்கும் மகளை வாங்கினார்.

"எதை நம்பிங்க வாங்கறீங்க?" என்றார் பெரியவர்.

"அத்தனையும் போகும்னு தெரிஞ்சே நெசத்தச் சொன்ன புள்ளைங்க இவ. நானா இருந்தா அடுத்த மாசம்னு சொல்லியிருப்பேன்."

பெரியவர் ஒற்றைச் செருப்போடு நின்று யோசித்தார். "அப்ப எனக்கு ஒரு பத்துப் பங்கு திருப்பிக் குடுங்களேன்."

"விக்கறதா இல்லீங்க," என்றார் வேலாயுதம்.