இடது கையுறை

காப்பகத்தில் அன்று இருந்தவர்கள்: ஆறு சிறுமிகள், வார்டன் மரகதம், பேஸ்பால் சொல்லிக்கொடுக்க வந்த செல்வின். இருந்த ஒரே கையுறையை இடது கையில் மாட்டிப் பந்தைப் பிடிக்க வேண்டும். முறை வைத்து மாட்டிவிட்ட பிறகும் சிறுமிகள் வெறும் வலது கையையே நீட்டினார்கள். ஏழு வயது அல்லிக்கு உள்ளங்கை கன்றிச் சிவந்துவிட்டது.

“பீச்சாங்கையால எதையும் வாங்கக் கூடாது சார். மரகதம்மா சூடு வச்சிருவாங்க.”

பிள்ளைகள் எதையாவது சொல்லும் என்று செல்வின் சிரித்தான். “பந்துக்கு எந்தக் கைன்னு தெரியாது. பயப்படாம நீட்டு.”

பத்தாவது பந்து கையுறைக்குள் விழுந்தது. அல்லி அதை வலது கையில் எடுத்து இறுக்கிக்கொண்டாள். எறியச் சொல்லியும் விடவில்லை. நாலு மணிக்கு மரகதம் சமையலறையிலிருந்து சுண்டல் கொண்டுவந்தபோது, பந்தை விட மனமில்லாமல் அல்லி கையுறை மாட்டிய இடது கையை நீட்டினாள்.

மற்ற ஐந்து பேரும் தலைகுனிந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் இடது மணிக்கட்டில் இருந்த தழும்பைச் செல்வின் அப்போதுதான் பார்த்தான்.

“மேடம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

“நீங்க விளையாட்டு மட்டும் சொல்லிக்கொடுங்க சார்.”

அல்லி பந்தைக் கையுறைக்குள் வைத்து, வலது கையால் அவனிடம் கொடுத்தாள். மரகதம் அவளை முன்னே விட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.