ஹைஜீனிஸ்ட் வீட்டுப் பல்

என் அறைத் தோழி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இது அங்கே வரவேற்பில் இருக்கும் ஒருத்தியின் வீட்டில் நடந்தது; தோழி கேட்டு வந்து சொன்னது. நான் நேரில் பார்த்ததில்லை.

"உங்க தம்பி இன்னைக்கும் பல் விளக்கல."

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா?" என்றான் கணவன்.

"ஊரார் வாயெல்லாம் சுத்தம் பண்ணினவ நான். என் வீட்டுக்குள்ளயே இப்படி ஒண்ணு."

கொழுந்தன் காதில் விழாதது போல டீக் கோப்பையோடு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டான்.

பழைய மாநிலத்தில் அவள் டென்டல் ஹைஜீனிஸ்ட். டாக்டர் பார்ப்பதற்கு முன் பல்லில் இறுகிய காரையைச் சுரண்டி எடுத்து, ஈறைப் பரிசோதிக்கிற வேலை. கணவனுக்கு மாற்றல் வந்து இந்த மாநிலத்துக்கு வந்ததும், அவள் லைசென்ஸ் செல்லாக் காசாகிவிட்டது.

இங்கே லைசென்ஸ் தரும் வாரியம், அவள் வேலை பார்த்ததற்குப் பழைய டாக்டரின் அத்தாட்சி கேட்டது. அந்த டாக்டரோ கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு எங்கேயோ போய்விட்டார். போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. அத்தாட்சி இல்லையென்றால் மறுபடியும் பரிட்சை என்றார்கள். பரிட்சைத் தேதியோ தள்ளிக்கொண்டே போனது.

அதுவரை என் தோழியின் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை. போன் எடுக்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். யார் வாயிலும் விரல் வைக்கக் கூடாது. உள்ளே கருவி சுரண்டும் சத்தம் கேட்டால், மடியில் கிடக்கும் அவள் விரல்கள் தானாக மடங்கும்.

அந்த எரிச்சலெல்லாம் வீட்டுக்கு வந்து கொழுந்தன் தலையில் விடிந்தது.

"எங்க ஆஸ்பத்திரிக்கு வாயேம்பா. சொல்லி சுத்தம் பண்ண வைக்கிறேன்."

"வேணாம் அண்ணி."

"பயமா?"

"பயமெல்லாம் இல்ல. இப்ப வேணாம்."

"பின்ன எப்ப? கல்யாணத்துக்கு அப்புறமா? முதல்ல எவ உன் பக்கத்துல வந்து உக்காருவா?"

அவன் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

அவன் செருப்புக் கடையில் விற்பனையாள். அவன் பக்கத்தில் வந்து பேசினாலே வாடிக்கையாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று, முதலாளி அவனைப் பின்னால் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்.

"நல்லா வேணும்," என்றாள் அவள். "செருப்புப் பெட்டிக்கு மூக்கு கிடையாது. அங்கயே இரு."

"ஆமா அண்ணி. இதுவரைக்கும் ஒரு பெட்டிகூட முகம் சுளிக்கல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு அவனோடு பேசுவதையே விட்டுவிட்டாள். தட்டை வைப்பாள், போவாள்.

ஒருவழியாகப் பரிட்சைக்குத் தேதி கிடைத்தது. சமையலறையில் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம். இதுவும் போச்சுன்னா விட்டுடலாங்க. கை மரத்துப் போச்சு. நான் என்ன படிச்சேன்கறதே எனக்கு மறந்துடும் போல இருக்கு."

கொழுந்தன் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, அன்னைக்கு நான் லீவு சொல்லிடட்டுமா?"

"நீ எதுக்கு?"

"பரிட்சைக்கு ஆள் வேணும்ல."

அவளுக்குப் புரியவில்லை.

"முதல் தடவை நீங்க லைசென்ஸ் வாங்கறப்ப, காரை பிடிச்ச வாயா ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்கல்ல? பல்லு சுத்தமா இருந்தா சேத்துக்க மாட்டாங்கன்னு தெருத்தெருவா ஆள் தேடினீங்க. வர்றேன்னவன் கடைசி நேரத்துல வரல. பரிட்சை ஹால் வாசல்லயே உக்காந்து அழுதீங்கன்னு அண்ணன் சொல்லுச்சு."

அவன் கை வழக்கம்போல வாய்க்குப் போனது.

"இந்த ஊர்ல உங்களுக்கு யாரைத் தெரியும்? அதான், நானே சேத்து வெச்சேன். முன்னாடியே சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? பிடிச்சு உக்கார வெச்சுத் தேச்சிருப்பீங்க."

கணவன் அடுப்பை அணைத்தான்.

"வாயைத் திற," என்றாள் அவள்.

வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் முழுக்க மஞ்சள் ஓடு. ஈறு இறங்கி, வேர் தெரிந்தது. விரலால் தொட்டாள். நடுப்பல் இரண்டும் ஆடின. இப்படி ஆடுகிற பல்லை என்ன செய்வார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"போதுமா அண்ணி? கம்மின்னா இன்னும் ஒரு மாசம் இருக்கு."

"போதும்பா. இதுக்கு மேல தாங்காது. நாளைக்கே டாக்டரைப் பாத்துடு."

"அப்ப பரிட்சைக்கு?"

அவள் குழாயைத் திறந்து கை கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

"ஆள் கிடைச்சாச்சு. ஆஸ்பத்திரியில தெரிஞ்ச ஒருத்தர்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "சொல்லியிருக்கலாம்ல அண்ணி."

"சொல்லியிருக்கணும்."

"அவரும் வரலன்னா? எதுக்கும் நான் கூட வர்றேனே."

"வருவாருப்பா. அவர் வராம இருக்க மாட்டாரு."

இவ்வளவுதான் தோழி சொன்னது. அந்த ஆள் யார் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

மனசு கேட்காமல் வாரியத்துக்கே போன் செய்து விசாரித்தேன். பரிட்சைக்கு ஆள் கூட்டி வருகிற முறையை, அந்தக் குடும்பம் இந்த மாநிலத்துக்குக் குடிவருவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லோரும் பிளாஸ்டிக் பல்லில்தான் செய்து காட்ட வேண்டும். விண்ணப்பிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் அதை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.